வேளாண் ஆளில்லா வானூர்தியின் எடை வரம்பு

வேளாண் ஆளில்லா வானூர்தி (பேச்சு வழக்கில் ட்ரோன்) என்பது வயல்களில் பூச்சிக்கொல்லி, திரவ உரம் ஆகியவற்றைத் தெளிக்கப் பயன்படும் வானூர்தி ஆகும். தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை மாவட்டங்களின் நெல் வயல்களில் இதன் பயன்பாடு அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. இதனை வாங்குவோரும் தாமே கட்டமைப்போரும் முதலில் அறிய வேண்டியது 25 கிலோகிராம் என்னும் எல்லையாகும்.

சட்ட வரம்பு

ஆகஸ்ட் 25, 2021 அன்று இந்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோகிராமுக்கு மேல் 25 கிலோகிராம் வரை உள்ளவை சிறு பிரிவைச் சேரும். அதற்கு மேல் 150 கிலோகிராம் வரை உள்ளவை நடுத்தரப் பிரிவு. இயக்குநரின் சான்றிதழும் பிரிவு வாரியாகவே வழங்கப்படுகிறது. இங்கு எடை என்பது மின்கலமும் நிரம்பிய தொட்டியும் சேர்ந்த உச்ச மொத்த எடையைக் குறிக்கும். அமெரிக்காவில் ஆள் ஏறிப் பறக்கும் மீஇலகு வானூர்திக்கு விதிக்கப்பட்ட 254 இறாத்தல் (ஏறத்தாழ 115 கிலோகிராம்) வரம்பு இதற்கு மாறாக வெற்று எடையையே கணக்கிடுகிறது.

எடைக் கணக்கு

10 லிட்டர் கரைசலின் எடை ஏறத்தாழ 10 கிலோகிராம். 16,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆறு செல் லித்தியம் பாலிமர் மின்கலம் ஒன்று சுமார் 2 கிலோகிராம் எடையுள்ளது. பொதுவாக இரண்டு தேவைப்படும். எஞ்சிய 11 கிலோகிராமுக்குள் சட்டகம், மின்னோடிகள், சுழலிகள், வெற்றுத் தொட்டி, நீரேற்றி, கால்கள் அனைத்தும் அடங்க வேண்டும். சட்டகத்துக்குக் கரிம இழைக் குழாய்கள் விரும்பப்படுவது இதனாலேயே. பறப்பு நேரத்தைக் கூட்டப் பெரிய மின்கலம் பொருத்தினால் அதே அளவு கரைசலைக் குறைக்க நேரிடும். ஓர் ஏக்கருக்கு 10 லிட்டர் என்று தெளிக்கும்போது, தொட்டியில் 2 லிட்டர் குறைந்தாலும் ஏக்கர்தோறும் வரப்புக்குத் திரும்பி மீண்டும் நிரப்ப வேண்டியுள்ளது. சம்பா பருவத்துச் சேற்று வயலில் இது சிறு தொல்லையன்று.

உதிரிப் பாகங்களின் விவரக்குறிப்பில் உள்ள எடைகளைக் கூட்டிப் பார்ப்பது போதாது. கம்பிகள், திருகாணிகள், இணைப்பிகள் ஆகியவை அக்கணக்கில் பெரும்பாலும் விடுபடுகின்றன. தொட்டியை நிரப்பி, முழு வானூர்தியையும் தொங்கு தராசில் நிறுப்பதே நம்பகமான முறை.

தாமே கட்டமைத்தல்

25 கிலோகிராமுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் கண்பார்வை எல்லைக்குள் பறப்பது மாதிரி வானூர்தி எனப்படும். இதற்கு வகைச் சான்று தேவையில்லை. ஆனால் அதே வானூர்தியைக் கொண்டு கூலிக்குப் புகையானுக்கு மருந்து தெளித்தால் இவ்விலக்கு பொருந்தாது. கல்லூரி மாணவர்களும் உள்ளூர்ப் பட்டறையினரும் இடறுவதற்கு வாய்ப்புள்ள இடம் இதுவே. வகைச் சான்று பெற்ற வானூர்தியில் பெரிய தொட்டியை மாட்டுவதும் சிக்கலானது, ஏனெனில் சான்று குறிப்பிட்ட வடிவத்துக்கே உரியது.

எடை சரியாக இருப்பினும் வான்வெளிக் கட்டுப்பாடுகள் தனியே உண்டு. தஞ்சாவூரில் இந்திய வான்படைத் தளம் உள்ளதால், நகரைச் சுற்றியுள்ள வயல்களில் பறக்கவிடுமுன் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.