அனுமதி கேளாமல் நுழைந்த குறிப்பு: குக்கீயின் முப்பதாண்டு வரலாறு

2004ஆம் ஆண்டு என்று நினைவு. திருநின்றவூர் இரயில் நிலையத்திற்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியறையில் இயங்கிவந்த பிரவுசிங் சென்டருக்கு வாரம் ஒருமுறை செல்வது என் வழக்கமாக இருந்தது. ரியாத்தில் வேலை பார்த்த அண்ணன் அனுப்பும் மின்னஞ்சலைப் படித்து, வீட்டில் அத்தாவிடமும் அம்மாவிடமும் ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் மின்னஞ்சலைத் திறக்கையில், "இந்தக் கணினியில் என்னை நினைவில் வை" என்னும் பொருள்பட இருந்த சிறு கட்டத்தில் டிக் செய்தேன். அது வசதிக்கான ஏற்பாடு என்றே எண்ணினேன். நேரம் முடிந்ததும் சன்னலை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தங்கையின் நிக்காஹ்வுக்காக அண்ணன் வாங்கிய கடனின் தொகை தேநீர்க் கடையில் பேசப்பட்டது. அண்ணனும் நானும் மட்டுமே அறிந்த தொகை அது. எனக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அதே மின்னஞ்சல் தளத்தைத் திறந்திருக்கிறார்; என் பெட்டி கடவுச்சொல் கேளாமலே திறந்துகொண்டிருக்கிறது. அத்தா அதன்பின் சில வாரம் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. என் கவனக்குறைவே காரணம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கணினி எதைக் கொண்டு என்னை "நினைவில்" வைத்திருந்தது என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆயின. அதன் பெயர் குக்கீ. அதன் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

இணையத்தின் அடிப்படை விதி மறதி. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. தளத்தின் சர்வர் அதைத் தருகிறது. அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடி அதே உலாவி வேறொரு பக்கத்தைக் கேட்டால், முன்பு வந்தவர் இவர்தாம் என்பது சர்வருக்குத் தெரியாது. படிப்பதற்கு மட்டும் இது போதும். பொருள் வாங்குவதற்குப் போதாது: கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றால் கூடை காலியாகிவிடும்.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டுல்லி இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். எம்சிஐ என்னும் தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்றை அமைக்க விரும்பியது. ஆனால் வாங்குபவரின் பாதி முடிந்த கணக்குகளைத் தன் சர்வரில் சேமித்துவைக்க அது விரும்பவில்லை. அப்படியானால் வாங்குபவரின் கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை வைத்துவிடலாம், அவர் மீண்டும் வரும்போது உலாவி அக்குறிப்பைத் தானாகவே காட்டட்டும் என்றார் மொண்டுல்லி. யூனிக்ஸ் நிரலாளரிடையே வழங்கிய "மாஜிக் குக்கீ" என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயரும் கிடைத்தது. அதே ஆண்டு வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியில் அது இடம்பெற்றது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னையிலும் பலர் படமற்ற, எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்குகளையே பெற்றனர். அவர்கள் இணையத்தைக் கண்டது லிங்க்ஸ் என்னும் எழுத்து உலாவி வழியாக. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது அந்த லிங்க்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரும் இதே மொண்டுல்லிதாம்.

குக்கீயில் பெரும்பாலும் இருப்பது பெயரோ முகவரியோ அன்று, ஓர் எண்தான். பெரிய துணிக்கடையின் வாசலில் நம் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவதை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைப் பார்த்து நாம் யார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பை நம்முடையது என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஒரு கடையின் டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. குக்கீயும் அவ்வாறே, அதைக் கொடுத்த தளத்திற்கு மட்டுமே திருப்பிக் காட்டப்படும். மொண்டுல்லி எண்ணிய பாதுகாப்பு இதுதான்.

அந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பக்கத்தில் உள்ள எல்லாமே அந்தத் தளத்திலிருந்து வருபவை அல்ல. செய்தித்தளத்தின் ஓரத்தில் தோன்றும் விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். அந்த நிறுவனமும் தன் டோக்கனை நம் கணினியில் வைக்கலாம். இப்போது துணிக்கடை, மருந்துக்கடை, அடகுக்கடை ஆகிய எல்லா வாசல்களிலும் ஒரே நிறுவனத்தின் ஆளே நின்று ஒரே டோக்கனைச் சரிபார்க்கிறார் என்று வையுங்கள். நம் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் காலையில் மருந்துக்கடைக்கும் மாலையில் அடகுக்கடைக்கும் சென்றவர் ஒருவரே என்பது தெரியும். மூன்றாந்தரப்புக் குக்கீ என்பது இதுவே.

பொதுமக்களுக்கு இச்செய்தி எட்டியது 1996 பிப்ரவரியில், லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதியபோது. அதுவரை உலாவிகள் குக்கீயைக் கேளாமலே ஏற்றுக்கொண்டிருந்தன. அப்படி ஒன்று இருப்பதே பயனாளருக்குச் சொல்லப்படவில்லை. 1997 பிப்ரவரியில் இணையத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, ஆர்எஃப்சி 2109 என்னும் விதிநூலை வெளியிட்டது. டேவிட் கிரிஸ்டலும் மொண்டுல்லியும் சேர்ந்து எழுதியது அது. மூன்றாந்தரப்புக் குக்கீயை உலாவி தானாக ஏற்கலாகாது என்பது அதன் நிலைப்பாடு. விளம்பர நிறுவனங்கள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அவ்விதியைப் பின்பற்றவில்லை. பின்னர் நடந்த அனைத்திற்கும் வேர் இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பது என் கருத்து. விதி எழுதப்பட்டிருந்தது, வணிகம் அதைத் தாண்டிச் சென்றது.

டபுள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம் இதன் மேல் வளர்ந்தது. 1999இல் அது அபாகஸ் டைரக்ட் என்னும் நிறுவனத்தை வாங்க முன்வந்தது. அபாகஸிடம் இருந்தவை, அஞ்சல்வழிப் பொருள் வாங்கிய அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, வாங்கிய விவரங்கள். டோக்கன் எண்ணும் வீட்டு முகவரியும் ஒன்றுசேரப்போகின்றன என்று தெரிந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2000 மார்ச்சில் அந்நிறுவனத்தின் தலைவர் அது தவறு என ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். 2008இல் டபுள்கிளிக் கூகுளின் கைக்குச் சென்றது; விலை 310 கோடி டாலர். விளம்பரத்திற்கென வைத்த குறி விளம்பரத்தோடு நிற்கவும் இல்லை. எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களைக் கொண்டு, அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ தன் இலக்குகளை அடையாளம் காணக் கூகுளின் குக்கீயைப் பயன்படுத்திக்கொண்டது என 2013 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது.

நம் நாட்டில் அதே காலத்தில் கவலை வேறு திசையில் இருந்தது. 2011 ஏப்ரலில் நடுவண் அரசு சைபர் கஃபேக்களுக்கான விதிகளை வெளியிட்டது. வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும். பெயர், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பார்த்த தளங்களின் பட்டியலையும் ஓராண்டு காக்க வேண்டும். எங்கள் மாடியறையிலும் ஒரு நீண்ட நோட்டு வந்தது. மேல்வரியில் இருப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பார்த்துக்கொண்டேதான் நாம் நம்முடையதை எழுத வேண்டும். அந்த நோட்டாவது கண்ணுக்குத் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாதது நம் சமுதாயத்தை நேரடியாகத் தொட்ட நிகழ்வு 2020 நவம்பரில் வெளிவந்தது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து பயனாளரின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றதாகவும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்ததாரர்கள் இருந்ததாகவும் மதர்போர்ட் என்னும் செய்தித்தளம் எழுதியது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தரவிறக்கிய செயலி அது. செய்தி வந்ததும், எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொண்டதாகச் செயலியின் நிறுவனம் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் சென்றுவந்த விவரத்தை விற்கக் கூடாதென எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனத்திற்குத் தடை விதித்தது.

செயலிகள் இதற்குக் குக்கீயைப் பயன்படுத்துவதில்லை; கைபேசிக்கெனத் தனியே ஒரு விளம்பர எண் உண்டு, செயலிக்குள் பிற நிறுவனங்களின் நிரல்துண்டுகளும் உண்டு. பெயர்தான் வேறு; வாசலில் நிற்கும் ஆள் அதே ஆள். ஃபஜ்ருக்கு எழுந்து நேரம் பார்த்தவர் அதைத் தம் இறைவனுக்கும் தமக்கும் இடையிலானதாகவே கருதியிருப்பார்.

பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் நுழைவதை அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் தடுக்கின்றன; திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஐரோப்பியச் சட்டம் குக்கீ விஷயத்தில் பல ஆண்டு தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான். 2009இல் திருத்தப்பட்ட அதன் விதி, குறிப்பை வைக்குமுன் இசைவு கேட்கச் சொன்னது. நிறுவனங்கள் முன்கூட்டியே டிக் இட்ட கட்டத்தைக் காட்டி அதையே இசைவு என்றன. அது இசைவாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்தமைக்காக, பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. போ என்று சொல்லும் வழியை ஒளித்துவைத்தவர் அனுமதி கேட்டவராகார் என்பதே அதன் பொருள்.

உலாவிகளுள் ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாந்தரப்புக் குக்கீகளை முற்றிலும் அடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதலே அறியப்பட்ட கண்காணிப்புக் குக்கீகளைத் தடுக்கிறது. கூகுளின் குரோம் ஈராண்டில் ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் கூறியது, பலமுறை தள்ளிவைத்தது, 2024 ஜூலையில் கைவிட்டது. நம் ஊரில் பெரும்பாலோரின் கைபேசியில் இருப்பது குரோம்.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. குக்கீ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டும் தரவு எதுவாயினும் அதன் வரம்புக்குள் வரும். இசைவு தெளிவாகவும் நிபந்தனையின்றியும் பெறப்பட வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ, அதாவது தமிழிலும், படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். 18 வயது நிறையாதவரைப் பின்தொடர்வதும் அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. தண்டம் 250 கோடி ரூபாய் வரை. அரசு அறிவிக்கும் தன் துறைகளுக்கு மட்டும் பெரிய விலக்கு உண்டு. இச்சட்டத்தில் என்னை உறுத்துவது அதுதான்.

நிறுவனங்களின் மீதான முக்கியக் கடமைகள் விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அம்மாவின் கைபேசியில் நேற்று ஒரு செய்தித்தளம் திறந்தபோது வந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. "ஏற்கிறேன்" என்பதற்குரிய பொத்தான் பச்சை நிறத்தில் பெரிதாக. மறுப்பதற்கானது கீழே, சாம்பல் நிறத்தில். அம்மா எதையும் அழுத்தாமல், "இது என்ன கேட்கிறது?" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார்.