கட்டிலில் கிடக்கும் காலம்

சென்ற ஆண்டு தம்மம்பட்டியில் ஓர் இளைஞனைக் காணச் சென்றிருந்தோம். மரச்சிற்பத் தொழில் செய்யும் குடும்பம். கபடி ஆடுகையில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். வலியைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. "தினமும் விடியக்காலையில ஓடினவன் சாமி. இப்போ மூணு மாசம் சும்மா கிடக்கணுமாம். அதுதான் தாங்க முடியல" என்றான். அவன் தாயாரோ, மகன் கட்டிலை விட்டு அசையவே கூடாதென்று காவல் இருந்தார். ஆட்டுக்கால் சூப்பு வேளை தவறாமல் வந்துகொண்டிருந்தது. இவ்விருவரில் எவர் பக்கம் நியாயம்? அக்கேள்விக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

அந்தத் தாயின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. பல தலைமுறை மருத்துவர்களே அப்படித்தான் எண்ணினர். ஜான் ஹில்டன் என்ற இலண்டன் அறுவை மருத்துவர் ஓய்வையே தலையாய மருந்தாகப் போற்றி 1863இல் நூல் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1851இல், அந்தோனியுஸ் மத்தைசன் என்ற டச்சுப் படை மருத்துவர் இன்று நாம் அறிந்த மாவுக்கட்டை உருவாக்கியிருந்தார். முறிந்த எலும்பு அசையாதிருக்க வேண்டும் என்பது உண்மை. அதிலிருந்து ஆளே அசையக் கூடாது என்ற முடிவுக்கு வந்ததுதான் பிழை.

அப்பிழையின் அளவை உலகுக்குக் காட்டியது 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு. இருபது வயதுடைய ஐந்து நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினர். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றல் கால் பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று கண்டனர்! ஆயினும் இதில் ஆறுதலும் உண்டு. படுக்கையை விட்டெழுந்த பின் ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சியில் அவர்கள் இழந்ததை மீட்டிருந்தனர்.

இன்னொரு செய்தி நம்மை மிகவும் வியக்க வைத்தது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஸ்கிரிப்சர் என்பவரும் உடனுழைத்தவர்களும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி அளித்தபோது, பயிற்சியே பெறாத மறு கையும் ஓரளவு வலுப்பெற்றது. நரம்பு மண்டலம் வழியாக நிகழும் இவ்வுதவியை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். நல்ல காலை உழைக்கவிட்டால் கட்டுண்ட காலுக்கும் சிறிது பங்கு கிடைக்கிறது. (சூப்பு கொடுக்கும் தாய்மார் பருப்பு, முட்டை, மீனையும் மறவாதிருப்பார்களாக. தசை கரையாதிருக்கப் புரதம் வேண்டும்.)

உடல் இப்படி, உள்ளத்தை என்ன செய்வது? 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த இஞ்ஞாசியாரை நம் வாசகர்கள் அறிவர். வீரக் கதைகள் கிடைக்காமல் புனிதர் வரலாறுகளைப் படித்த கதையை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு அருகிலே, வேலூரில் நடந்தது பலருக்குத் தெரியாது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மாதக்கணக்கில் படுக்கை. இனி எதற்கு வாழ்வு என்ற இருள். அவருக்கு வழிகாட்டியவர் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்த பால் பிராண்ட். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை மருத்துவம் உண்டே என்று அவர் சுட்டிக்காட்டினார். கால்கள் போயின, கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார் மேரி. பின்னர் அயல்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது அவரது உழைப்பின் பயனே. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. இழந்ததை எண்ணும் கணக்கை விட்டு, எஞ்சியதை எண்ணத் தொடங்கிய அந்த நாளையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

நம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டி நடராசனின் கதை அண்மைக்காலத்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியவர், ஏப்ரலில் முழங்கால் அறுவைக்கு உள்ளானார். செப்டம்பரில் துபாயில் களம் இறங்க இருந்த வேளையில் கொரோனா தொற்று தடுத்தது. 2022 ஐ.பி.எல். போட்டிகளில் பதினொரு ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள் வீழ்த்தினார். செய்தித்தாள்கள் அந்தப் பதினெட்டை மட்டுமே எண்ணின. அதற்கு முந்திய மாதங்களில் எத்தனை முறை காலை மடக்கி நீட்டியிருப்பார் என்பதை எண்ணுவார் எவருமில்லை.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னோம். எதை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது என்பதை மட்டும் மருத்துவரிடமே கேட்கச் சொன்னோம். மூன்று வாரம் கழித்துச் சென்றபோது கட்டில் சன்னலோரம் மாறியிருந்தது. சுவரில் தகப்பனாரின் பென்சிலால் வரிசை வரிசையாகக் கோடுகள். நல்ல காலுக்கும் இரு கைகளுக்கும் செய்த பயிற்சிக்கு நாளுக்கொரு கோடாம். "சுவரைப் பாழாக்குறான் சாமி" என்று தாயார் குறைப்பட்டார். ஆனால் அன்றைய கோடு இன்னும் போடவில்லையே என்று அவனுக்கு நினைவூட்டியதும் அவர்தான்.