ஓதமும் ஆண்டறிக்கையும்: கொச்சியில் புவி அறிவியல் பணி அளக்கப்பட்ட வரலாறு

கொச்சித் துறைமுகத்தில் 1886ஆம் ஆண்டு ஓதமானி ஒன்று நிறுவப்பட்டது. கடல்நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும் சுழலும் உருளையில் சுற்றிய தாளின்மேல் இடைவிடாது தானே கோடாக வரைந்துகொண்டிருக்கும் கருவி அது. ஆறு ஆண்டுகள் அக்கோடு வரையப்பட்டது. 1892இல் கருவி எடுக்கப்பட்டது, நிலையமும் மூடப்பட்டது. பணி முடிந்துவிட்டது என்பதே காரணம். அக்காலத்து அளவுகோலின்படி அது தவறான முடிவும் அன்று. ஆயினும், புவியை ஆராயும் நிலையம் ஒன்றின் ஓராண்டுப் பணியை எதைக்கொண்டு அளப்பது என்று இன்று பல்கலைக்கழகங்களில் எழும் வினாவுக்கு, மட்டாஞ்சேரிக்கு எதிரே உள்ள இந்த நீர்ப்பரப்பின் வரலாறு தரும் விடை வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று.

இந்திய நில அளவைத் துறை 1877 முதல் இந்தியக் கடற்கரை நெடுகிலும் ஓத அளவீட்டை முறையாக நடத்தத் தொடங்கியது. பெயர்டு என்னும் படைப்பொறியாளர் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். துறைமுகங்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. பம்பாய் போன்ற சில, நிலையான நிலையங்கள். ஏனையவை ஏறத்தாழ ஐந்தாண்டுக் கால நிலையங்கள். பாம்பன், நாகப்பட்டினம், தூத்துக்குடி, பேப்பூர், கொச்சி ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஓதம் என்பது நிலவும் கதிரவனும் இழுக்கும் இழுப்பால் எழும் பல அலைவுகளின் கூட்டு. ஒவ்வோர் அலைவுக்கும் கால அளவு திட்டமாகத் தெரியும். ஆகவே ஐந்தாண்டுப் பதிவிலிருந்து ஒவ்வோர் அலைவின் உயரத்தையும் தொடக்க நிலையையும் பிரித்தெடுத்துவிட்டால், அத்துறைமுகத்தின் வருங்கால ஓதங்கள் அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கூட்டிக் கணக்கிடுவதற்கென்றே 1879இல் இலண்டனில் இந்தியாவுக்காகக் கப்பிகளும் கம்பிகளும் கொண்ட பொறி ஒன்று செய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஓத அட்டவணைகள் அச்சாயின.

இத்துறையின் ஆண்டறிக்கைகளில் ஒரு பகுதி தனிச்சிறப்புடையது. முன்கூட்டிக் கணித்த உயர் ஓத நேரம், கருவி உண்மையில் பதிந்த நேரத்தோடு ஒப்பிடப்பட்டது. எத்தனை விழுக்காட்டுக் கணிப்புகள் 5 நிமிடத்திற்குள் பொருந்தின, எத்தனை 15 நிமிடத்திற்குள் அமைந்தன, எத்தனை 30 நிமிடத்தையும் கடந்து பிழைத்தன என்றும், உயரத்தில் எத்தனை அங்குலப் பிழை நேர்ந்தது என்றும் துறைமுகவாரியாக அட்டவணையிட்டனர். தன் பிழையைத் தானே எண்ணி அச்சிட்டு மேலிடத்துக்கு அனுப்பிய அலுவலகம் என்பது எக்காலத்திலும் அரிதான ஒன்று. ஆண்டுப் பணியை அளக்க இதைவிட நேர்மையான முறையைக் காண்பது கடினம். மதிப்பெண் இட்டது எந்தக் குழுவும் அன்று, கடலே.

ஆனால் அந்த நேர்மையான அளவுகோலிலும் ஒரு குறை இருந்தது. ஓதத்தைக் கணிப்பது ஒன்றே அதன் நோக்கம். கணிப்புக்கு ஐந்தாண்டு போதும் என்றால் ஆறாம் ஆண்டுப் பதிவு வீண்செலவாகிவிடுகிறது. கொச்சியில் அதுவே நிகழ்ந்தது.

மூடப்பட்ட அந்த ஆறாண்டுப் பதிவு பின்னர் யாரும் எதிர்பாராத இடத்தில் பயன்பட்டது. இந்தியா முழுவதற்கும் நில உயரத்தைக் கணக்கிட ஒரு பூச்சியப் புள்ளி தேவைப்பட்டபோது, கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயின்ட் ஆகிய ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டம் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. 1909இல் நிறைவுற்ற இந்த மட்ட வலையின்மேல் இருபதாம் நூற்றாண்டின் நாட்டு உயரங்கள் அனைத்தும் நின்றன. இருப்புப்பாதை நிலையப் பலகைகளில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் படித்தவர் பலர். அந்தக் கடலின் ஒரு பகுதி கொச்சிக் கடல் என்பதை அறிந்தவர் சிலரே. 1892ஆம் ஆண்டின் அறிக்கையில் இந்தப் பயனைக் குறிக்க ஒரு கட்டமும் இருந்திருக்க முடியாது.

இதே சிக்கல் அண்டை நாடான திருவிதாங்கூரில் முன்னரே எழுந்திருந்தது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானாய்வகத்திற்கு 1852இல் ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் பொறுப்பேற்றார். புவிக் காந்தத்தின் நாள்தோறும் நிகழும் சிறு மாற்றங்களை அளப்பதே அவருடைய முதன்மைப் பணி. உயரத்தால் மாற்றம் உண்டா என அறிய, 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். யானைக் காட்டினூடே கருவிகளைச் சுமந்து ஏற்றி, ஏறக்குறைய 1,860 மீட்டர் உயரத்தில், மழையிலும் பனியிலும் உதவியாளர்கள் இரவு பகலாக அளவெடுத்தனர். 1865இல் புரூன் நாடு திரும்பினார். 1852 முதல் 1869 வரையிலான காந்த ஒதுக்க அளவீடுகளைக் கொண்ட அவருடைய பெருநூல் 1874இல்தான் இலண்டனில் வெளிவந்தது. இலண்டன் அரச கழகம் 1878இல் அவருக்கு அரச பதக்கம் வழங்கியது; மறு ஆண்டே அவர் மறைந்தார்.

புவிக் காந்தம் நிலவின் நிலையாலும் கதிரவனின் சுழற்சியாலும் மாறுவதைக் காட்டியவருள் புரூன் முன்னோடி. கதிரவன் தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் காலத்தையொட்டி, ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை, அந்த மாற்றம் திரும்பத் தோன்றுவதைப் பல்லாண்டுப் பதிவு இருந்தமையால்தான் அவரால் காண முடிந்தது. அவர் பணியாற்றிய ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றைத் தனியே எடுத்து, அவ்வாண்டில் இந்த ஆய்வகம் தந்த நூல் யாது என்று வினவியிருந்தால், விடை பெரும்பாலும் நிரப்பிய பதிவேடுகளாகவே இருந்திருக்கும்.

மீண்டும் கொச்சிக்கு வருவோமாயின், 1892க்குப் பின் அங்கு ஆட்சி செய்தது வேறோர் அளவுகோல்: ஆழம். முகத்துவாரத்தில் மணல்திட்டு குறுக்கிட்டமையால் பெருங்கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன; மிளகும் இஞ்சியும் கயிறும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளிலிருந்து படகுகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. 1920இல் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். திட்டை வெட்டினால் வைப்பின் கரை அரிக்கப்படுமோ என்ற அச்சம் இருந்தமையால், முதலில் சிறிதளவு தூர்வாரிக் கடல் செய்வதைக் கூர்ந்து நோக்கிய பின்னரே பெருவேலை தொடங்கப்பட்டது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. தூர்வாரிய மண்ணால் வெலிங்டன் தீவு எழுந்தது. அதன் மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாய், கிழக்கே எர்ணாகுளம் கால்வாய் என்று இன்றைய அமைப்பு உருவாயிற்று.

துறைமுகம் ஆழத்தால் அளக்கப்பட்டாலும் பிரிஸ்டோவின் ஆர்வம் ஆழத்தோடு நிற்கவில்லை. மலையாளத்தில் ‘சாகர’ எனப்படும் சேற்றுத்திட்டுகள் அவரைக் கவர்ந்தன. ஆலப்புழை, புறக்காடு முதலிய இடங்களில் தென்மேற்குப் பருவத்தில் கரையோரம் சேறு கலங்கிக் கடல் அடங்கிப்போகும் இந்நிகழ்வைப் பற்றிப் பல நூற்றாண்டுக் குறிப்புகளைத் திரட்டி, 1938இல் இரு தொகுதிகளாகச் ‘சேற்றுத்திட்டுகளின் வரலாறு’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். துறைமுகக் கணக்கில் இந்நூலுக்கு இடமில்லை. எனினும் சேற்றுத்திட்டு ஆய்வாளர் எவரும் அதனைக் கடந்து செல்ல இயலாது.

1939 முதல் வெலிங்டன் தீவில் எடுக்கப்பட்ட கடல்மட்ட அளவுகள் உலகப் பதிவகத்தில் தொடராக இடம்பெற்றுள்ளன. 1892க்கும் 1939க்கும் இடைப்பட்ட 46 ஆண்டுகள் அத்தொடரில் இல்லை. இவ்விடைவெளியின் விலை வெகுகாலம் உணரப்படவில்லை. புவி வெப்பமடைதலால் கடல்மட்டம் உயர்கிறதா என்ற வினா எழுந்தபோதே அது தெரியவந்தது. தேசியக் கடலியல் நிறுவன அறிஞர்கள் உண்ணிகிருஷ்ணனும் சங்கரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியப் பெருங்கடலில் 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுடைய நிலையங்களை மட்டுமே கருத்தில் கொண்டனர். கடல்மட்டம் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்துள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவு. கொச்சி அத்தேர்வில் தேறியது, 1939இல் தொடங்கிய பதிவு கைவிடப்படாமல் காக்கப்பட்டதனால் ஆகும்.

இவ்வளவு ஆண்டுகள் ஏன் வேண்டும் என்பதற்கு விளக்கம் எளிது. கொச்சியில் ஓதத்தின் ஏற்ற வற்ற வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். பருவத்தை ஒட்டியும் மட்டம் பல சென்டிமீட்டர் மாறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தாழும், ஆண்டின் இறுதியில் உயரும். நிலவின் பாதை அசைவதால் 18.6 ஆண்டுக்கு ஒரு சுழற்சியும் உண்டு. இத்தனை அலைவுகளுக்குள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்னும் உயர்வு மறைந்து கிடக்கிறது. ஓராண்டுப் பதிவு தன்னளவில் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

இக்காலத்துப் பல்கலைக்கழக அளவுகோல்களை இப்பின்னணியில் நோக்க வேண்டும். கேரளத்தில் பல்கலைக்கழகக் கடலியல் கல்வி திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகக் காலத்தில், 1938இல் தொடங்கியது. அதன் கிளை கொச்சியில் வளர்ந்து, 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதனோடு இணைந்தது. 1986இல் அப்பல்கலைக்கழகம் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன் கடல்சார் அறிவியல் புலத்தில் கடல்சார் நிலவியல், புவி இயற்பியல் துறையும், இயற்பியல் கடலியல் துறையும், வளிமண்டல அறிவியல் துறையும் அடங்கும். எர்ணாகுளத்தில் காயற்கரையை ஒட்டியே அப்புலம் அமைந்துள்ளது. மட்டாஞ்சேரி அதே நீர்ப்பரப்பின் மேற்குக் கரை.

இத்தகைய துறைகளை அளக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று மன்றம் 1994இல் நிறுவப்பட்டது. அதன் சான்று பெரும்பாலும் ஐந்தாண்டுக்குச் செல்லும் என வகுக்கப்பட்டது. ஓதமானிக்கு விதித்த அதே ஐந்தாண்டு என்பது தற்செயலே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியரின் கட்டுரை, நூல், கருத்தரங்கு ஒவ்வொன்றுக்கும் புள்ளி வகுத்தன. 2015இல் அறிவிக்கப்பட்ட தேசிய நிறுவனத் தரவரிசை, கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் பெறும் பயனுக்கு 20, சமூகப் பரவலுக்கு 10, பிறர் கருத்துக்கு 10 எனப் பங்கிட்டது. ஆராய்ச்சிப் பகுதியில் அண்மை ஆண்டுக் கட்டுரைகளும் அவற்றைப் பிறர் மேற்கோளாக எடுத்தாண்ட எண்ணிக்கையும் பெரிதும் இடம்பெறுகின்றன.

மேற்கோளை எண்ணும் வழக்கம் யூஜின் கார்ஃபீல்டு 1960களில் அமைத்த மேற்கோள் அடைவிலிருந்து பெருகியது. அதிலிருந்து பிறந்த இதழ்த் தாக்கக் குறியெண், ஓர் இதழின் முந்திய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் கணக்கில் எடுக்கிறது. நூலகம் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவு செய்ய அது நன்கு பயன்பட்டது. ஆளை அளக்கவும் துறையை அளக்கவும் அதையே கொண்டபோதுதான் கேடு விளைந்தது. 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் அவ்வாறு பயன்படுத்துவதை எதிர்த்து அறிக்கை வரைந்தனர். எல்லாத் துறைகளுக்கும் இவ்வளவுகோல் ஓரளவு இடர் தருவதே. ஆனால் நிலவின் சுழற்சிக்கே 18.6 ஆண்டு காத்திருக்கும் துறையை இரண்டாண்டுச் சாளரத்தின் வழியே பார்ப்பது, ஒற்றை அலையைக் கண்டு ஓதத்தை மதிப்பிடுவது போன்றது. மேலும், கட்டுரை எழுதியவருக்குப் புள்ளி உண்டு. நாற்பதாண்டுகள் கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்து, சிப்பி அடைத்த குழாயைத் துலக்கி, தாளை மாற்றிய பணியாளருக்குப் புள்ளி இல்லை. எண்ணிக்கையே வேண்டாம் என்று இதனால் கூறிவிடவும் இயலாது. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. கணக்குக் கேளாமையால் உறங்கிப்போன நிலையங்களும் உண்டு. பழைய நில அளவைத் துறையின் அட்டவணை காட்டுவதுபோல, பதிவு எத்தனை நாள் இடையறாது நடந்தது, கணிப்பு எவ்வளவு பிழைத்தது என்று கேட்கும் கட்டங்கள் இரண்டு சேர்ந்தாலே ஆண்டறிக்கையின் முகம் மாறிவிடும்.

கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இவ்வினா மீண்டும் உயிர்பெற்றுள்ளது. வளிமண்டலக் கதிரலைக்கும்பா ஆய்வுக்கென அங்கு அமைந்த உயர்நிலை மையத்தில், 205 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் 619 அலைவாங்கிகளுடன் இயங்கும் கதிரலைக்கும்பா 2017இல் தொடங்கி வைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டினுள் நுழையும் வாயிலில் நின்று, மேலே வீசும் காற்றின் திசையையும் விரைவையும் உயரவாரியாக அளப்பது அதன் பணி. பருவக்காற்றோ ஆண்டுக்கு ஒருமுறையே வரும். பத்துப் பருவங்களை அளந்தாலும் பத்து எடுத்துக்காட்டுகளே கையில் இருக்கும்.

இதற்கிடையில் வைப்பு, கும்பளங்கி முதலிய தீவுப் பகுதிகளில் ஓதநீர் வீடுகளுக்குள் புகுவது அண்மை ஆண்டுகளில் மிகுந்துள்ளதாக மக்கள் முறையிடுகின்றனர். மலையாளத்தில் இதனை ‘வேலியேற்றம்’ என்பர். தமிழ் இலக்கியத்தில் கடலைக் குறிக்கும் ‘வேலை’ என்னும் சொல்லோடு இதனை ஒப்புநோக்கலாம். உப்புநீர் சுவரை அரிக்கிறது, கிணற்றைக் கெடுக்கிறது. கடல் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா, கால்வாய்கள் தூர்ந்தனவா, அல்லது மூன்றும் சேர்ந்தனவா என்று பிரித்தறிய ஆய்வாளர் முதலில் திறப்பது 1939இல் தொடங்கும் அந்தத் தொடரையே. அதற்கு முன்னே செல்ல விரும்புவோர்க்கு 1886 முதல் 1892 வரை ஆறு ஆண்டுகள் கிடைக்கும்; நடுவில் உள்ளவை கிடைக்கமாட்டா.