கொம்புகள் தொங்கிய இடம்: ‘தபீஹ்’ விவாதத்தின் முற்காலம் பற்றி ஒரு மறுப்பு

குர்ஆனின் 37ஆம் அத்தியாயமான அஸ்ஸாஃப்பாத்தில், 99 முதல் 113 வரையுள்ள வசனங்களில், இப்ராஹீம் நபி கனவில் கண்டபடி அறுக்க முற்பட்ட மகனின் பெயர் சொல்லப்படவில்லை. அறுபடவிருந்தவர், அதாவது ‘தபீஹ்’, இஸ்மாயீலா இஸ்ஹாக்கா என்ற கேள்வி அந்தப் பெயரின்மையிலிருந்து பிறந்தது. இஸ்மாயீலே என்பது இன்று ஏறக்குறைய பொதுக்கருத்து. முதல் மூன்று ஹிஜ்ரி நூற்றாண்டுகளில் நிலைமை அப்படி இல்லை என்பதில் ஆய்வாளர்களிடையே சச்சரவு கிடையாது. மாற்றம் எதனால் நேர்ந்தது என்பதில்தான் ரூவன் ஃபயர்ஸ்டோனோடு நான் மாறுபடுகிறேன்.

1990இல் வெளிவந்த, இப்ராஹீம்–இஸ்மாயீல் கதைகளை ஆராயும் தம் நூலில் ஃபயர்ஸ்டோன் குர்ஆன் விரிவுரைகளான தஃப்சீர்களிலும் வரலாற்று நூல்களிலும் சிதறிக்கிடந்த அறிவிப்புகளைத் திரட்டினார். இஸ்ஹாக்கைச் சுட்டுபவை 130, இஸ்மாயீலைச் சுட்டுபவை 133 என்பது அவர் கணக்கு. இஸ்ஹாக் கருத்தே முந்தியது. யூத, கிறித்தவ மரபறிந்தவர்களின் வாய்வழி அது வந்தது. வட அரபியரின் வம்சாவளியில் இஸ்மாயீலின் இடம் உயர உயர, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மற்றக் கருத்து மேலோங்கியது என்பது அவர் முடிவு. அந்தத் திரட்டு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதவே முடிந்திராது. ஆயினும் அவர் வரைந்த கோடு அளவுக்கு மீறி நேராக இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. ஒரே இப்னு அப்பாஸ் (இறப்பு ஹி. 68) பெயரில் இக்ரிமா இஸ்ஹாக் என்கிறார், ஷஅபீயும் முஜாஹிதும் இஸ்மாயீல் என்கிறார்கள். ஆசிரியர் ஒருவர், மாணவர் மூவர், கருத்து இரண்டு. இவற்றைத் தனித்தனி அறிவிப்புகளாகக் கூட்டினால் கிடைப்பது பிற்கால மாணவர் வட்டங்களின் பரப்பளவே. எந்தக் கருத்து மூத்தது என்பதற்கு அந்தத் தொகை சாட்சி சொல்லாது. அடுத்தது காலம். முகாதில் இப்னு சுலைமான் (இறப்பு ஹி. 150) இஸ்ஹாக் என்றார். மாற்றம் தொடங்கியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஹி. 310இல் இறந்த தபரீ, இரு தரப்பையும் பக்கம் பக்கமாகப் பதிந்துவிட்டு, தஃப்சீரிலும் வரலாற்றிலும் இஸ்ஹாக் என்றே தீர்ப்பளித்தார். அவரை விதிவிலக்கென்று ஒதுக்கினால்தான் அந்தக் கோடு நேராகும். தபரீயை ஒதுக்கிவைத்து எழுதப்படும் தஃப்சீர் வரலாற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

வம்சப் பெருமையைக் காட்டிலும் இடமே இந்த மாற்றத்தை நடத்தியது என்பது என் துணிபு. இதற்கு நான் முதன்மையாக நம்பியிருப்பது, மகனுக்கு ஈடாக அறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஆட்டுக்கடாவின் இரண்டு கொம்புகளை.

கஅபாவின் சாவியைக் காத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஸஃபிய்யா பின்த் ஷைபா வழியாக ஒரு ஹதீஸ் வருகிறது. நபியவர்கள் கஅபாவுக்குள் சென்று வந்தபின் சாவிக்காரரான உஸ்மான் இப்னு தல்ஹாவை அழைத்தார்கள்; உள்ளே இருந்த கொம்புகளை மூடிவைக்கச் சொல்ல மறந்துவிட்டதாகவும், தொழுபவரின் கவனத்தைத் திருப்பும் எதுவும் அங்கே இருக்கலாகாது என்றும் சொன்னார்கள். இதுவே செய்தியின் சாரம். அஹ்மத் இப்னு ஹன்பலின் முஸ்னத் இதை ஸுலைம் கிளைப் பெண் ஒருவரின் வாய்மொழியாகத் தருகிறது. கொம்புகள் ‘கடாவின் கொம்புகள்’ என்று தெளிவாகக் குறிக்கப்படுகின்றன. அபூதாவூதின் ஸுனனில் அந்தப் பெண் அஸ்லம் கிளையினர். அங்கே வெறும் ‘இரு கொம்புகள்’ மட்டுமே, கடா இல்லை. முஸ்னத் இன்னொன்றையும் சேர்க்கிறது. கஅபா எரியும்வரை கொம்புகள் அங்கேயே இருந்து அதனுடன் எரிந்துபோயின என்று மக்காவில் வாழ்ந்த ஸுஃப்யான் இப்னு உயைனா கூறுகிறார். அந்தத் தீ ஹி. 64இல் (கி.பி. 683) இப்னு ஸுபைர் மக்காவில் முற்றுகையிடப்பட்டிருந்தபோது மூண்டது.

இந்த அறிவிப்பாளர் தொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸஃபிய்யாவிடமிருந்து இதைக் கேட்டுச் சொல்பவர்கள் அவர் குடும்பத்தாரே. சொந்த வீட்டுச் சாமானைப் பற்றி வீட்டார் பேசுவதைப்போல, சாவிக் குடும்பம் தன் பொறுப்பில் இருந்த ஒரு பொருளை நினைவுகூர்கிறது. அவர்கள் கவலை தொழுகையைப் பற்றியது; தபீஹ் யார் என்ற வாதத்தின் நிழல்கூட அதில் விழவில்லை. எந்த மகனின் பெயரும் இல்லை. வாதத்துக்காகப் புனையப்பட்ட செய்தியாக இருந்திருந்தால் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்குமா?

அந்தக் கொம்புகளைக் கஅபாவில் தாமே பார்த்ததாகச் சொல்பவர் கூஃபாவைச் சேர்ந்த ஷஅபீ. தீக்கு முன்பே அவர் பார்த்திருக்க வேண்டும். அவர் பிறந்த ஆண்டைப் பற்றி நூல்கள் முரண்படுகின்றன. எனினும் பிந்திய ஆண்டைக் கொண்டாலும் தீயின்போது அவர் வளர்ந்த ஆளே. இஸ்மாயீல் கருத்தை இப்னு அப்பாஸிடமிருந்து எடுத்துச் சொன்னவரும் இதே ஷஅபீ என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. பொருளைக் கண்ட கண்ணும் கருத்தைச் சொன்ன வாயும் ஒருவருடையவை. அப்படியானால் இஸ்மாயீல் கருத்துக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே மக்காவில் வேர் இருந்தது.

எதிர்த்தரப்பும் இந்தக் கொம்புகளின் கனத்தை உணர்ந்திருந்தது. அவை ஷாமிலிருந்து (சிரியப் பகுதியிலிருந்து) கொண்டுவரப்பட்டுக் கஅபாவில் மாட்டப்பட்டிருக்கலாம் என்று தபரீ பதில் சொல்கிறார். இஸ்ஹாக்குக்குப் பின் யஅகூப் உண்டு என்று முன்பே நற்செய்தி சொல்லப்பட்டிருக்க, இஸ்ஹாக்கை அறுக்கும் கட்டளை எப்படி வரும் என்ற கேள்விக்கும், யஅகூப் பிறந்த பிறகே கட்டளை வந்திருக்கலாம் என்று விடை தருகிறார். இவை நெருக்கடியில் தேடிய விடைகள்.

ஸயீத் இப்னு ஜுபைர் பெயரில் வழங்கும் ஓர் அறிவிப்பு இன்னும் வெளிப்படையானது. அதில் மகன் இஸ்ஹாக்தான். ஆனால் ஒரு மாதப் பயணத் தொலைவை ஒரே காலைப்பொழுதில் கடந்து, மினாவின் அறுக்குமிடத்துக்கு இப்ராஹீம் அவரை அழைத்துவந்துவிடுகிறார். மகன் மாறலாம், இடம் மாறாது என்ற நிலையை இதைவிடத் துலக்கமாக வேறெதுவும் காட்டுவதாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஹஜ்ஜில் லட்சக்கணக்கானோர் குர்பானி கொடுக்கும் மண்ணிலிருந்து கதையைப் பெயர்க்க இயலாது. ஆகவே இஸ்ஹாக் அங்கே பறந்து வரவேண்டியிருந்தது. பறக்கவைப்பது பலருக்கு ஒவ்வாதபோது, மக்காவில் ஏற்கெனவே வாழ்ந்த மகனே எஞ்சினார். தபீஹ் யார் என்று மொழியறிஞர் அஸ்மயீ கேட்டபோது, இஸ்ஹாக் எப்போது மக்காவில் இருந்தார் என்று அபூ அம்ர் இப்னுல் அலா கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் மஸ்ஊதியும் சம்பவம் மினாவில் என்றால் இஸ்மாயீல், ஷாமில் என்றால் இஸ்ஹாக் என்று இடத்தை வைத்தே பிரிக்கிறார். இவர்கள் எவரும் வம்சாவளியைத் தொடவில்லை.

ஃபயர்ஸ்டோன் பக்கம் நிற்கும் சான்று ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இஸ்லாத்தைத் தழுவிய யூத அறிஞர் ஒருவரிடம் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி கி.பி. 717–720) கேட்க, அது இஸ்மாயீலே, அரபியர்மீதுள்ள பொறாமையால் யூதர்கள் மறுக்கிறார்கள் என்று அவர் விடையளித்ததாக இப்னு இஸ்ஹாக் வழியாக ஒரு செய்தி வருகிறது. வம்சப் போட்டி இதில் வெளிப்படை. ஆனால் இது கலீஃபாவின் அவையில் பேசப்பட்டதா, ஒரு தலைமுறை கழித்து இப்னு இஸ்ஹாக்கின் காலத்தில் இந்த வடிவம் பெற்றதா என்பது தீராத கேள்வி. பிந்தியதே என்றால் ஃபயர்ஸ்டோன் சொல்லும் காலத்தோடு அது பொருந்தும். முந்தியது என்றால் அவர் வைத்த எல்லை ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னே நகரும்.

என் வாதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. அபூதாவூதின் பாடத்தில் ‘கடா’ என்ற சொல் இல்லாதது பிரதியெடுத்தவரின் சுருக்கமாக இருக்கலாம். அதுவே மூத்த பாடம் என்றால், சாவிக் குடும்பம் நினைவில் வைத்திருந்தவை வெறும் கொம்புகள். அவற்றை இப்ராஹீமின் கடாவோடு இணைத்தது அடுத்த அடுக்கு. ஷஅபீயின் கண்சாட்சியம் அந்த இணைப்பைத் தீக்கு முன்னே வைக்கிறது, முஸ்னத்தின் பாடமும் துணைநிற்கிறது என்பதால் முதல் விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன். முஸ்னத், ஸுனன் இரண்டின் பழைய கைப்பிரதிகளையும் இந்த ஒரு சொல்லுக்காக அருகருகே வைத்து ஒப்பிடும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.