ஐ.பி. கொடுத்தவர் அப்புறம் என்ன ஆனார்?

"அவன் ஐ.பி. கொடுத்துட்டான்டா!" ஐ.டி.யில வேலை பார்க்கிற எனக்கு ஐ.பி.ன்னா ஐ.பி. அட்ரஸ்தான். கடைவீதியில அது இன்சால்வன்சி பெட்டிஷன். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்"னாலும் அதேதான். ஆனா சொல்ற தொனியைக் கவனிங்க. ஊர்ப் பணத்தைச் சுருட்டிட்டான்னு அர்த்தம். சட்டம் சொல்றது வேற: "என்னால கடனை அடைக்க முடியல"ன்னு கோர்ட்ல போய் ஒப்புக்கொள்றது.

இந்த வார்த்தைகளோட கதை இங்கிலாந்துல இருக்கு. அங்கே 1542-ல வந்த முதல் திவால் சட்டம் கடனாளியைக் குற்றவாளியாகத்தான் பார்த்தது. 1705 சட்டம்தான் திருப்பம். சொத்தை நேர்மையாக ஒப்படைத்த வியாபாரிக்கு மீதிக் கடனிலிருந்து விடுதலை. அதற்குப் பெயர் டிஸ்சார்ஜ். மோசடியாக மறைத்தவருக்கு மரண தண்டனை!

இந்தச் சலுகை வியாபாரிக்கு மட்டும். அவர்தான் 'பேங்க்ரப்ட்'. மற்றவர்கள் 'இன்சால்வென்ட்'. அவர்களுக்குக் கடன்காரர் சிறைதான். 1824-ல சார்லஸ் டிக்கன்ஸோட அப்பா, அரசாங்க குமாஸ்தா, சுமார் 40 பவுண்டு பாக்கிக்காக மார்ஷல்சி சிறைக்குப் போனார். 12 வயசுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில வேலை பார்த்தான். வியாபாரி அல்லாதவர்களுக்கும் பேங்க்ரப்ட்சி சட்டம் திறந்தது 1861-லதான்.

இப்போ நம்ம ஊர். 1906 அக்டோபர்ல மெட்ராஸ் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தது. ஆயிரக்கணக்கானவங்க சேமிப்பு மாட்டிக்கிச்சு. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். கவனிங்க, தண்டனை மோசடிக்கு. கடனை அடைக்க முடியாமப் போனதுக்கு இல்ல. இந்த ரெண்டையும் நாம பேச்சுல ஒண்ணாக்கிட்டோம்.

1909-ல சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கான இன்சால்வன்சி சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920-ல. ரெண்டுலயும் வியாபாரியோ குமாஸ்தாவோ, எல்லாருமே 'இன்சால்வென்ட்'தான். ரெண்டுலயும் டிஸ்சார்ஜும் உண்டு. அது தானா வராது. கோர்ட்ல கேட்டு வாங்கணும். மோசடியால வந்த கடன் அதுல கழியாது.

2016 சட்டத்துல ரெண்டு வார்த்தையும் இருக்கு, வேலை வேற வேற. இன்சால்வன்சி ஒரு நிலை. பேங்க்ரப்ட்சி, தனிநபர் மேல போடுற உத்தரவு. கம்பெனிக்கு முதல்ல இன்சால்வன்சி நடவடிக்கை. காப்பாத்த முடியலன்னா லிக்விடேஷன். அதனால "அந்த ஸ்டார்ட்அப் பேங்க்ரப்ட் ஆயிடுச்சு"ன்னு யாராவது ஃபார்வர்டு பண்ணினா, எந்தக் கட்டத்துல இருக்குன்னு கேளுங்க. முதல் கட்டம்னா பிழைக்க இன்னும் வாய்ப்பு இருக்கு. மாசக் கடைசியில "நான் பேங்க்ரப்ட் மச்சி"ன்னு சொல்றதுக்கு மட்டும் எந்தக் கோர்ட்டும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. அரசியல் சட்டம் 102-வது பிரிவு யாரை எம்.பி. ஆகக் கூடாதுன்னு சொல்லுது? 'டிஸ்சார்ஜ் ஆகாத' இன்சால்வென்ட்டை. அதாவது, டிஸ்சார்ஜ் வாங்கினவர் நாளைக்கே தேர்தல்ல நிக்கலாம். சட்டம் அவரை மன்னிச்சு ஏத்துக்குது.

நம்ம பேச்சுல விழுந்ததைச் சொல்ல ஐ.பி., மஞ்சக் கடுதாசி, திவால்னு மூணு வார்த்தை இருக்கு. எழுந்து வந்ததைச் சொல்ல ஒண்ணுகூட இல்ல. டிஸ்சார்ஜ்னா நமக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருது. அந்த ஒரு வார்த்தை பழக்கத்துல இல்லாததால, வழி இருக்குன்னே தெரியாம, ஒரு கடனை அடைக்க இன்னொரு கந்துவட்டி வாங்குறவர் உங்க தெருவுலயும் இருக்கலாம். அவர்கிட்ட இதைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.