நான்கு பிரிவுச் சட்டம்

2020 ஏப்ரலில் எங்கள் புனே அடுக்ககத்தில் ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். அருகில் போய்ப் படித்ததில் '1897ம் வருஷத்திய தொற்றுநோய்ச் சட்டம்' என்று கண்டிருந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவனுக்குச் சட்டத்தின் வருஷத்தைக் கவனிக்கும் பழக்கம் போகாது. இந்தச் சட்டம் மிகக் கடுமையாகப் பிரயோகிக்கப்பட்ட ஊர்களில் புனேவும் ஒன்று.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் புகுந்திருப்பதை முதலில் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். 1894ல் ஹாங்காங்கை வதைத்த அதே நோய். 1897 பிப்ரவரி 4ந் தேதி சட்டம் நிறைவேறியது. மொத்தம் நான்கே பிரிவுகள். அதிகாரி யாரையும் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது. பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. என் உத்தியோக காலத்திலும் இத்தகைய பாதுகாப்புப் பிரிவுகள் எனக்குச் சௌகரியமாகவே இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புனே பிளேக் கமிட்டித் தலைவர் வால்டர் ராண்ட், ஐ.சி.எஸ். மார்ச்சில் பட்டாளத்தாரை வீடு வீடாக அனுப்பினார். பூட்ஸ் காலுடன் பூஜையறையில் நுழைகிறார்கள், பெண்களை அவமதிக்கிறார்கள், சாமான்களை எரிக்கிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. திலகர் 'கேசரி'யில் கண்டித்து எழுதினார். ஊரை விட்டு ஓடாமல் ஹிந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரியும் நடத்தினார். இங்கிலாந்தில் இருந்த கோகலே, தமக்கு வந்த கடிதங்களை நம்பிப் பட்டாளத்தார்மீது மிகக் கொடிய குற்றச்சாட்டைப் பகிரங்கமாகச் சொன்னார். ஊர் திரும்பியபின் நிரூபிக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டார். நியாயமான புகார்களும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போயின.

ஜூன் 22, விக்டோரியா ராணியின் வைர விழா இரவு. கணேஷ்கிண்ட் கவர்னர் மாளிகை விருந்திலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே மாண்டார். ராண்ட் ஜூலை 3ல். தாமோதர் சாபேகர் 1898 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். 'கேசரி'யில் வந்த எழுத்துக்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றத்தில் 18 மாதச் சிறை.

விலங்கியல் படித்தவன் என்பதால் எனக்கு உறுத்துவது வேறு விஷயம். 1898ல் கராச்சியில் பிரெஞ்சு டாக்டர் பால் லூயி சிமோன், நோயை எலியிலிருந்து பரப்புவது தெள்ளுப்பூச்சி என்று சோதனையில் காட்டினார். அவரை நம்பவே பல வருஷங்கள் பிடித்தன. பட்டாளத்தார் கார்பாலிக் ஊற்றிச் சுவரைக் கழுவியபோது எலி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்! எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்யும் வழக்கம் கட்வால் மலைக் கிராமத்து ஜனங்களிடம் முன்பே இருந்தது.

சில வருஷங்களுக்குள் சர்க்கார் கட்டாயச் சோதனைகளைச் சத்தமில்லாமல் தளர்த்தியது. விரும்பியவர்களுக்கு ஹாஃப்கின் தடுப்பூசி, ஊர்ப் பெரியவர்களின் ஒத்துழைப்பு என்று வழி மாறியது. விமர்சகர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

அந்தக் கவர்னர் மாளிகை இப்போது புனே பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடம். 2014ல் அதற்குச் சாவித்திரிபாய் புலே பெயரைச் சூட்டினார்கள். பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தாமும் அதே நோய் தொற்றி 1897 மார்ச் 10ல் காலமானவர் அந்த அம்மையார். பட்டாளத்தாரின் வீட்டுச் சோதனை அப்போதுதான் தொடங்கவிருந்தது.