குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை

மூணாறு தேயிலைத் தோட்டங்களின் விளைச்சலை அன்றைய மதுரை மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு இறக்குவதற்காகக் கண்ணன் தேவன் நிறுவனம் நடத்திய தனியார் பாதை. தொடக்கம் 1902. அப்போது ஒற்றைத் தண்டவாளம்தான். வண்டியின் எடை தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களில் இறங்கும். பக்கவாட்டில் ஒரு சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தவை காளைகள். மலைப்பாதைக்கு இத்தனை எளிய ஏற்பாடு செய்தவர்களின் துணிவு பாராட்டத்தக்கது.

1908இல் இது இரண்டடி அகல நீராவி ரயிலாக மாறியது. அகலம் குறையக் குறைய வளைவுகளை நெருக்கமாகப் போடலாம். மலையை வெட்டும் வேலையும் மிச்சம்.

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. தூத்துக்குடியில் கப்பலேறின.

1924 ஜூலைப் பெருவெள்ளம் பாதையைச் சிதைத்தது, மீண்டும் போடவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவன அலுவலகமானது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ, இந்தப் பாதை அழிந்த பின், 1928இல்.